நோயாளிகள் பட்டியலில் பதினான்கு பெயர்கள்

எங்கள் மவுண்ட் ஹெர்மன் சபைக்கு முப்பத்தொரு வருடமாக நான்தான் செயலாளர். அத்தனை வருடத்தில் ஞாயிறு ஆராதனைத் தாளில் ஒரு பெயரைக்கூட நான் தப்பாக அச்சிட்டதில்லை. போன பிப்ரவரி மாதம் இரண்டாம் ஞாயிறு வரைக்கும்.

என் மகள் லவோன் தலைமுடிக் கடை வைத்திருக்கிறாள். எங்கள் ஊர் ஹார்ப்பர்ஸ் பெண்டில், கறுப்பினப் பெண்களுக்கு முடி செய்யத் தெரிந்த கடை அது ஒன்றுதான். வாசல் பலகையில் ‘ட்ரோட்டர்ஸ்’ என்று எங்கள் குடும்பப் பெயர். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கே பெண்கள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மறுநாள் ஆராதனைக்குப் போடும் தொப்பிக்குக் கீழே முடி படிந்து நிற்க வேண்டுமே. ஊர்ப் பெண்களில் பாதிப் பேர் வந்துபோகும் இடம் என்பதால் சபையின் ஜெபப் பெட்டியையும் அங்கேயே வைத்திருந்தோம். உடம்புக்கு முடியாதவர்களின் பெயரைச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடுவார்கள். சனிக்கிழமை நான்கு மணிக்கு நான் போய்ச் சீட்டுகளை எடுத்துவந்து தட்டச்சு செய்வேன். ‘நோயாளிகளும் வீட்டோடு இருப்பவர்களும்’ என்ற தலைப்பில் அந்தப் பெயர்கள் ஆராதனைத் தாளில் வரும். ஞாயிறன்று நான் மேடையில் நின்று உரக்க வாசிக்க, சபை ஜெபிக்கும்.

அதே கடையில் அக்டோபர் மாதத்திலிருந்து வேறொன்றும் நடந்துகொண்டிருந்தது. பல்கலைக்கழகத்திலிருந்து மார்வா என்ற நர்ஸ் வியாழக்கிழமைதோறும் வருவாள். அவளும் எங்கள் இனத்துப் பெண்தான். ஆறு மணிக்குக் கடையை மூடி, திரையை இழுத்துவிட்டு, நாற்காலிகளை வட்டமாகப் போட்டுப் பேசுவார்கள். படுக்கையில் வரும் நோய்கள், ஆணுறை, கருப்பை வாய்ப் பரிசோதனை, புருஷனிடம் எப்படிக் கேட்பது, இப்படி. விருப்பப்பட்டவர்களுக்கு அங்கேயே பரிசோதனையும் செய்வார்கள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. இந்த மாவட்டத்தில் எங்கள் பெண்களுக்குத்தான் இந்த நோய்கள் அதிகம் என்று மார்வா சொன்னாள். எங்களைப் பற்றி வெள்ளைக்காரர்கள் என் பாட்டன் காலத்திலிருந்து சொல்லிவந்த பேச்சுதான் அது. இப்போது எண்களோடு வருகிறது, அவ்வளவுதான் என்று நினைத்தேன். நாங்கள் கையுறை போட்டு, முதுகை நிமிர்த்தி, முழங்கால் மறையப் பாவாடை கட்டி நடந்ததெல்லாம் அந்தப் பேச்சைப் பொய்யாக்கத்தான். தவிர, அலபாமாவில் வைத்தியம் என்று அரசாங்கத்தின் பெயரைச் சொல்லி ரத்தம் எடுத்து, எங்கள் ஆண்களுக்கு மருந்து கொடுக்காமலே நாற்பது வருடம் நோயை வேடிக்கை பார்த்தவர்கள் உண்டு; அப்படி வருகிறவர்களுக்குக் கதவைத் திறக்காத தலைமுறை நான்.

லவோனிடம் நேராகவே சொன்னேன்.

“கடைய மூடிட்டு நீ என்ன வேணாச் செய். ஆனா பலகையில இருக்கற பேரு உன் தாத்தாவோடது.”

“அந்தப் பேரு இருக்கறதாலதாம்மா வர்றாங்க. ட்ரோட்டர் வீட்ல சொன்னா வெளிய போகாதுன்னு.”

“அப்படி என்ன ரகசியம்? புருஷன்கிட்ட சொல்லட்டுமே.”

“சிரிப்பு மூட்டாதீங்கம்மா. கையில சூடான சீப்பு இருக்கு.”

நான் பாஸ்டரிடம் போனேன். சபைப் பெண்கள் அந்தக் கூட்டத்துக்குப் போவது முறையில்லை, நீங்கள் சொல்லி நிறுத்த வேண்டும் என்று எழுத்தில் கொடுத்தேன். சபையை நிர்வகிக்கும் டீக்கன்களில் மூத்தவரான தாடியஸ் க்ரூம் என் பக்கம் நின்றார். பாஸ்டர் இளைஞர். ஈஸ்டர் வரை பார்ப்போம் என்று தள்ளிவைத்தார். ஆக, இந்த விஷயத்தில் ஆர்லீதா ட்ரோட்டராகிய நான் எந்தப் பக்கம் என்பது ஊருக்கே தெரியும்.

எனக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. பரிசோதனை வேண்டும் என்பவர்கள் பெயர் எழுதிப் போட மார்வா ஒரு தகர டப்பாவைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒருத்தியும் அதில் சீட்டுப் போடவில்லை. எப்படிப் போடுவார்கள்? முடி உலர்த்தும் இயந்திரத்துக்குக் கீழே ஆறு பேர் உட்கார்ந்து யார் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் பெண்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஜெபப் பெட்டியில் கை விடுவதை யாரும் தப்பாக நினைக்கப் போவதில்லை. பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதி, சீட்டின் ஒரு மூலையை மடித்துப் போட்டுவிட வேண்டியது. லவோனிடம் மாற்றுச் சாவி உண்டு. சனிக்கிழமை மூன்று மணிக்கு, நான் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்பாக, மூலை மடித்த சீட்டுகளை மட்டும் எடுத்துவிடுவாள். நான்கு மாதம் இப்படியே நடந்திருக்கிறது.

அந்தச் சனிக்கிழமை மூன்று மணிக்கு ஒரு அடக்க ஆராதனை. அதற்கான தாளையும் நான்தான் அச்சிட வேண்டும். அதனால் கடைக்கு ஒரு மணிக்கே போனேன். லவோன் உள்ளறையில் யாருக்கோ முடியை நேராக்கும் மருந்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அதைப் பாதியில் விட்டு வர முடியாது, தலை வெந்துவிடும். நான் என் சாவியால் பெட்டியைத் திறந்தேன். பதினேழு சீட்டுகள். ஊரில் காய்ச்சல் பரவுகிறது போல என்று நினைத்தேன். மூன்றில் நோயும் எழுதியிருந்தது. பதினான்கில் பெயரும் எண்ணும் மட்டும். மூலைகள் மடங்கியிருந்தன. எனக்குக் கசங்கின காகிதம் ஆகாது. ஒவ்வொன்றையும் நகத்தால் நீவி நேராக்கித்தான் கைப்பையில் வைத்தேன்.

மூன்று மணிக்கு லவோன் பெட்டியைத் திறந்தபோது காலி. இந்த வாரம் யாரும் போடவில்லை என்று நினைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை பத்தரை மணிக்குச் செயலாளர் அறையில் நான் காணிக்கை உறைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டிவிட்டு ஐவரி உள்ளே வந்தாள். டீக்கன் க்ரூமின் மனைவி. நாற்பத்தெட்டு வயது, அதிகம் பேசாதவள். வாசலில் நின்று ஆராதனைத் தாள் கொடுக்கும் பெண்களில் ஒருத்தி. வெள்ளைச் சீருடை, வெள்ளைக் கையுறை. கையில் ஒரு தாளைப் பிடித்திருந்தாள்.

“மிஸ் ஆர்லீதா, என் பேர் இதுல வந்திருக்கு.”

“நீதானம்மா எழுதிப் போட்டிருந்த?”

“மூலைய மடிச்சுப் போட்டேன்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவளோ கதவைச் சாத்திவிட்டு, லவோனைக் கூப்பிட முடியுமா என்று கேட்டாள். லவோன் வந்து தாளைப் பார்த்தாள். பாட்டுப் புத்தகங்கள் இருந்த பெட்டியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பிறகு விஷயத்தை எனக்குச் சொன்னாள். டப்பா, பெட்டி, மடித்த மூலை, மூன்று மணி, எல்லாம்.

நான் பட்டியலை மறுபடி படித்தேன். பாடகர் குழுவின் தலைவி இருந்தாள். பள்ளி ஆசிரியை இருந்தாள். அறுபதைத் தாண்டிய இரண்டு விதவைகள் இருந்தார்கள். அவர்களுக்கு மூட்டு வலி என்று நானே முடிவு செய்திருந்தேன். பதினான்கு பேர். நூற்றிருபது தாள்கள். ஆராதனைக்கு இன்னும் இருபது நிமிடம்.

என் மனசில் முதலில் வந்தது வருத்தம் இல்லை. அதையும் சொல்லிவிடுகிறேன். இதோடு அந்தக் கூட்டம் ஒழிந்தது என்றுதான் தோன்றியது. தாளில் இருப்பதை இருக்கிறபடி நான் வாசித்தால் போதும். அத்தனை பேரும் நல்ல உடம்போடு பெஞ்சில் உட்கார்ந்திருக்க, என்ன நோய் என்று வீட்டுக்கு வீடு கேள்வி வரும். இரண்டு நாளில் ஊருக்குப் புரிந்துவிடும். அதன்பின் ஒரு பெண்ணும் வியாழக்கிழமை அந்தப் பக்கம் போகமாட்டாள். என்னை யாரும் குறை சொல்ல முடியாது. பெட்டியில் இருந்ததை அச்சிட்டேன், அச்சிட்டதை வாசித்தேன்.

ஐவரி அழவில்லை. கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்துச் சரிசெய்துகொண்டே சொன்னாள்.

“ரெண்டு மாசமா கீழ எரிச்சல், வெள்ளை படுது, வாடை. மாவட்ட ஆஸ்பத்திரில சீட்டு எழுதற இடத்துல அவரோட அக்கா பொண்ணு உக்காந்திருக்கா. அங்க போனா நான் வீடு வந்து சேர்றதுக்குள்ள அவருக்குத் தெரிஞ்சிடும். எனக்கு என்ன இருக்குன்னு முதல்ல நான் தெரிஞ்சுக்கணும். அவரு முதல்ல கேட்டுட்டா, வெளிய போனவ நீதான்னு சொல்லிடுவாரு. அப்புறம் நான் சொல்றது எதுவும் எடுபடாது.”

பிறகு, “என் பேரைக் கடைசியா வாசிங்க, மிஸ் ஆர்லீதா. அதுக்குள்ள நான் கார்கிட்டப் போயிடறேன்” என்றாள்.

“சாவி யாருகிட்ட?”

அவள் யோசித்தாள். “அவருகிட்டதான்.”

லவோன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். “அம்மா, வெளிய போகாதுன்னு இவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் வாக்குக் கொடுத்தேன். என் பேர்ல கொடுக்கல. நம்ம வீட்டுப் பேர்ல கொடுத்தேன்.”

என் மாமனார் எசக்கியேல் ட்ரோட்டர், நீதிமன்றத்தை நம்ப முடியாத காலத்தில், பக்கத்துக் குடும்பங்களின் நிலப் பத்திரங்களைத் தன் கட்டிலுக்கடியில் இரும்புப் பெட்டியில் வைத்திருந்தவர். யாருடையது இருக்கிறது, யாருடையது இல்லை என்று அவர் வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. நிலத்தைப் பிடுங்க வந்தவர்கள் அடித்தும் கேட்டுப்பார்த்தார்கள். நான் காத்துவந்த பெயர் என்று எதைச் சொல்கிறேனோ, அது அதுதான். தெரிந்தோ தெரியாமலோ, மூலையை நீவி அதை உடைத்தவள் நான்.

“வெளிய எத்தன தாள் போயிருக்கு?” என்று கேட்டேன்.

ஏழு, என்றாள் ஐவரி. சீக்கிரம் வந்தவர்களுக்குக் கொடுத்தது. நான் அவளை அனுப்பினேன். அவள் வாசலுக்குப் போய் மற்ற பெண்களுக்குக் கையால் சைகை காட்டினாள். அவர்கள் தாள் கட்டுகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு அறைக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். லவோன் பெஞ்சு பெஞ்சாகப் போய், மை அப்பிவிட்டது, துணியில் ஒட்டும், வேறு தருகிறோம் என்று சொல்லி ஆறு தாள்களைத் திரும்ப வாங்கினாள். யாரும் இன்னும் பிரித்துப் பார்த்திருக்கவில்லை. ஏழாவது டீக்கன் க்ரூமிடம் இருந்தது.

அவர் அப்போது முன்னால் நின்று பாட்டுக்கு அடியெடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்கள் பழைய முறை அது. அவர் ஒரு வரியைச் சொல்வார், சபை அதை நீட்டி நீட்டி, ஒரு சொல்லுக்கு ஒரு நிமிடம் என்று இழுத்துப் பாடும். அந்த வேலையில் அவருக்கு இணை இந்த மாவட்டத்தில் கிடையாது. ஆராதனைத் தாள் அவர் கோட்டுப் பையில் நீளவாக்கில் மடித்துச் செருகியிருந்தது. பாதி வெளியே தெரிந்தது. அதை யார் போய் உருவுவது? சுவரோரமாக நின்ற ஐவரி அந்தக் காகித நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாட்டு முடியக் கூடாது என்று நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அது ஒரு தடவைதான்.

பாட்டு முடிந்தது. அவர் முன் பெஞ்சில் உட்கார்ந்தார். பாஸ்டர் என்னைக் கூப்பிட்டார்.

நான் தாள் இல்லாமல் மேடைக்குப் போனேன். உண்மையிலேயே நோயில் இருந்த மூன்று பேரின் பெயரைச் சொல்லி, அவர்களுக்காக ஜெபிப்போம் என்றேன். திரும்பி இறங்கப் போனேன். டீக்கன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளைப் பிரித்தார். விரலை வைத்துப் படித்தார். விரல் நின்றது. எழுந்தார்.

“சிஸ்டர் ட்ரோட்டர், ஒரு நிமிஷம். இதுல பதினேழு பேரு இருக்கு, நீங்க மூணுதான் வாசிச்சீங்க. என் வீட்டுக்காரி பேரும் இருக்கு. காலைல ரெண்டு தட்டு கிரிட்ஸ் கஞ்சியும் என் தட்டுல இருந்த இறைச்சியும் சாப்பிட்டுட்டுத்தான் வந்தா. அவளுக்கு என்ன நோவு?”

பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. ஐவரி சிரிக்கவில்லை. பாடகர் குழுவின் தலைவி தன் புத்தகத்தை மூடினாள். ஆசிரியை குனிந்து செருப்பைப் பார்த்தாள். யார் யார் சிரிக்கவில்லை என்பதை எண்ணினாலே பட்டியல் தெரிந்துவிடும் என்று எனக்குப் பயமாகிவிட்டது.

“நோவு ஒண்ணும் இல்ல, டீக்கன். தப்பு என்னுது. மூணு பேருதான் நோயாளிங்க. மீதி பதினாலும் பெண்கள் ஞாயிறு ஆராதனைக்கும் விருந்துக்கும் வேலை செய்ய நான் தேர்ந்தெடுத்த பேருங்க. ரெண்டையும் ஒரே தலைப்புல அடிச்சுட்டேன்.”

தேவனுடைய வீட்டில் நின்று நான் சொன்ன முதல் பொய். குரல் நடுங்கவில்லை. அது எனக்கே பிடிக்கவில்லை.

“பெண்கள் ஞாயிறு ஆகஸ்ட்லல்ல வருது? இது பிப்ரவரி.”

“போன வருஷம் ஏற்பாட்ட ஜூலைலதான் ஆரம்பிச்சு, கோழி வேகாம பரிமாறினோம். ஞாபகம் இருக்கும்.”

மறுபடி சிரிப்பு. இந்த முறை அந்தப் பதினான்கு பேரில் சிலரும் சிரித்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை. உட்காராமலே கேட்டார்.

“எங்க கூடுவாங்க?”

“என் வீட்ல. வியாழக்கிழமை ஆறு மணிக்கு.”

சொன்ன பிறகுதான் என் நாக்கு செய்தது எனக்கு உறைத்தது. வியாழன் ஆறு மணி. சபையில் யாருக்குத் தெரியாது அது என்ன நேரம் என்று? பெஞ்சுகளில் தலைகள் நிமிர்ந்தன.

“வியாழன்தானே உங்க மக கடையில அந்தக் கூட்டம்?” என்றார் டீக்கன் மெதுவாக.

கடைசிப் பெஞ்சில் லவோன் இருந்தாள். அவளைப் பார்க்காமல் பேசினேன்.

“அதனாலதான் வியாழன். அந்தக் கடைக் கூட்டம் இனிமே இல்ல. என் குடும்பப் பேரு இருக்கற இடத்துல அது நடக்காதுன்னு நான் முன்னாலயே எழுதிக் கொடுத்தவ. பொண்ணுங்களுக்கு அந்த நேரத்துல வேற வேலை கொடுத்துட்டேன்.”

“ஆமென்” என்றார் ஒருவர் பின்னாலிருந்து. இன்னும் இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். டீக்கனின் முகம் இளகியது. நான் எந்தப் பக்கம் என்று நான்கு மாதம் ஊரெல்லாம் பேசியிருந்தேனே, அதுதான் என் பொய்யைத் தாங்கிப் பிடித்தது. லவோன் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அதோடு முடிந்தது என்று நினைத்தேன். டீக்கன் க்ரூம் முறையில் பிசகாதவர்.

“நல்ல காரியம், சிஸ்டர். ஆனாலும் நல்லா இருக்கறவளை நோயாளின்னு அச்சுல போட்டது சபைக்கு முன்னால நடந்த தப்பு. அதுக்கு முறைன்னு ஒண்ணு இருக்கு.”

முறை எனக்குத் தெரியும். அதை எழுதிவைத்த கை என் கை. கல்யாணத்துக்கு முன் வயிற்றில் பிள்ளை வந்த பெண், சபைக்கு முன்னால் நடுப்பாதையில் வந்து நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகுதான் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். நான் செயலாளரான பிறகு பதினோரு பெண்கள் அப்படி நின்றார்கள். பதினோரு பெயரையும் தேதியோடு பதிவேட்டில் எழுதினேன். கூட இருந்த ஆணின் பெயரை எழுதும் வழக்கம் இல்லை. யாரும் கேட்டதும் இல்லை, நான் உட்பட.

மேடையிலிருந்து இறங்கி நடுப்பாதையில் நின்றேன். எழுபத்து மூன்று வயது. என் தொப்பியின் இறகு கண்ணுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தது. அதை ஒதுக்காமல் விட்டுவிட்டேன். நின்ற பிறகுதான் அந்த இடம் எவ்வளவு அகலம் என்று தெரிந்தது. பிடித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. என் தவறை மன்னிக்கும்படி சபையைக் கேட்டுக்கொள்கிறேன் என்றேன். மன்னிப்போர் எழுந்து நிற்கலாம் என்றார் பாஸ்டர், சங்கடத்தோடு. முதலில் எழுந்தவள் அந்த ஆசிரியை.

வாகனங்கள் நிறுத்தும் இடத்தில் லவோன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தாள். நான் தட்டினேன். கொஞ்சம் இறக்கினாள்.

“எல்லார் முன்னாலயும் மூடிட்டீங்க. சந்தோஷமா?”

“கடையில நடக்கறதத்தான் மூடினேன். மார்வாவுக்கு ஃபோன் போட்டு என் வீட்டு விலாசம் கொடு. பதினாலு பேருக்கும் நீயே சொல்லு. நாற்காலி எட்டுதான் இருக்கு, மீதிய நீ கொண்டு வா.”

அவள் கண்ணாடியை முழுக்க இறக்கவில்லை. “நிஜமாத்தான் சொல்றீங்களா?” என்று கூடக் கேட்கவில்லை. “சாப்பாட்டு மேசை வேணும்” என்றாள்.

வியாழக்கிழமை பதினொரு பேர் வந்தார்கள். மூன்று பேருக்குத் துணிச்சல் வரவில்லை. அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். மார்வா என் மாமியாரின் சாப்பாட்டு மேசைமேல் பிளாஸ்டிக்கில் செய்த ஓர் உறுப்பை எடுத்து வைத்தாள். நான் அதன்மேல் ஒரு துவாலையைப் போட்டேன். அவள் எடுத்தாள். நான் மறுபடி போட்டேன். “மிஸ் ஆர்லீதா, அதுக்குக் குளிராது” என்றாள் அந்த விதவைகளில் ஒருத்தி. அறை முழுக்கச் சிரித்தது. நான் சமையலறைக்குப் போய்விட்டேன்.

ஐவரியை டீக்கனே காரில் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டுப் போகவில்லை. எதிரே காரை நிறுத்தி, எஞ்சினை ஓடவிட்டபடி உட்கார்ந்திருந்தார். நான் திரை இடுக்கால் பார்த்தேன். உள்ளே படுக்கையறையில், மார்வா கொடுத்த பஞ்சுக் குச்சியை எடுத்துக்கொண்டு ஐவரி கதவைச் சாத்தினாள். பரிசோதனைக்கு இருபது நிமிடம் ஆகும்.

ஐந்தாவது நிமிடம் டீக்கன் கார்க் கதவைத் திறந்தார். நான் ஒரு தட்டில் கேக் துண்டு ஒன்றை வைத்துக்கொண்டு, கோட்டுகூடப் போடாமல் வெளியே போனேன். படிகளின் கீழ் அவரை மறித்தேன்.

கழிவறைக்குப் போக வேண்டும் என்றார்.

“பொண்ணுங்க கூடியிருக்கற வீடு, டீக்கன். உங்க வீடு மூணு நிமிஷ தூரம்.”

“போயிட்டு வந்தா இவ காத்திருப்பாளே.”

“காத்திருக்கட்டும்.”

போகவில்லை. காருக்குள் திரும்ப உட்கார்ந்து கேக்கைத் தின்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கூட்டத்தில் என்ன பேசுகிறார்கள் என்று கேட்டார். கோழியைப் பற்றி என்றேன். சீருடைத் துணிக்கு என்ன நிறம் என்றார். இன்னும் முடிவாகவில்லை என்றேன். உள்ளே யாரோ சிரித்தார்கள். அவர் வீட்டை நிமிர்ந்து பார்த்தார். என் விரல்கள் குளிரில் மரத்துப்போயின. பொய்க்குப் பொய் அடுக்கிக்கொண்டிருந்தபோது, முப்பது வருடமாக இந்த மனிதரோடு ஒரே பக்கத்தில் உட்கார்ந்து நான் எத்தனை காரியங்களுக்குக் கை தூக்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஐவரி வெளியே வந்தாள். கையுறை இல்லை. கையில் இரண்டு சின்னக் காகித உறைகள். படியிறங்கி நேராகக் கார் ஜன்னலுக்கு வந்தாள். நான் விலகப் போனேன்.

“நில்லுங்க, மிஸ் ஆர்லீதா” என்றாள். பிறகு அவரிடம் குனிந்தாள். “பெரிய நோவு எதுவும் இல்ல. சின்னது ஒண்ணு இருக்கு. மாத்திரைல போயிடும், ஆனா ரெண்டு பேரும் சாப்பிடணும். ஒருத்தர் விட்டா திரும்ப வரும். இது உங்களுது.”

ஓர் உறையை நீட்டினாள். அவர் வாங்கவில்லை. அவள் அதை அவர் மடியில், கேக் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

அவர் உறையைப் பார்த்தார். வீட்டு ஜன்னலைப் பார்த்தார். பிறகு என்னை. பட்டியல், பதினான்கு பெயர், வியாழன், எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து சேர்வதைக் கண்டேன்.

“சபைய ஏமாத்தினீங்க, சிஸ்டர் ட்ரோட்டர்.”

“ஆமா.”

“இதை நான் ஞாயித்துக்கிழமை சொல்லணும்.”

“சொல்லுங்க. உங்க மடியில இருக்கறது என்னன்னும், யாருகிட்டருந்து யாருக்கு வந்ததுன்னும் சேத்துச் சொல்லுங்க. இந்தத் தடவை ரெண்டு பேரையும் நான் பதிவேட்டுல எழுதறேன்.”

ஐவரி ஜன்னல் விளிம்பிலிருந்து கையை எடுத்தாள். “இருபத்தாறு வருஷம்” என்றாள் அவரிடம், வேறெதுவும் சேர்க்காமல். “மார்வா பேச்சு இன்னும் முடியல. நான் லவோனோட வர்றேன்.” திரும்பிப் படியேறி உள்ளே போனாள்.

அவர் இரண்டு கையாலும் ஸ்டீயரிங்கைப் பிடித்தார். பிறகு தட்டை என்னிடம் நீட்டினார். உறை தட்டில் இல்லை. கார் மெதுவாக நகர்ந்து மூலையில் திரும்பியது. நான் தட்டோடு உள்ளே போனேன். துவாலை மறுபடி அகற்றப்பட்டிருந்தது. யாரோ எனக்கு ஒரு நாற்காலியை நகர்த்தினார்கள். உட்கார்ந்தேன்.

மறுநாள் விடிந்ததும் தெரு முனைவரை நடந்தேன். அவர் ஜன்னல் வழியாக வீசியிருப்பாரோ என்று இரண்டு பக்கத்துப் புல்லிலும் ஓடையிலும் குனிந்து பார்த்தேன். உறை எங்கும் கிடக்கவில்லை.